முருங்கை முளைக்காத மலையில் வேதாளம்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குச் செல்லும் பாதை தேயிலைக்குள்ளேயே வளைந்து வளைந்து மேலேறுவது. அப்பகுதித் தோட்டங்களின் பெயர்களைக் கேட்போர், தாம் இருப்பது இலங்கையிலா அன்றிப் பிரித்தானியாவிலா என்று ஒரு கணம் மயங்குதல் கூடும். கிளாஸ்கோ ஒரு தோட்டம். அது ஸ்கொத்லாந்து நகரமொன்றின் பெயர். பெல்மோரல் ஒரு தோட்டம், சண்ட்றிங்ஹாம் இன்னொரு தோட்டம். இரண்டும் ஆங்கில அரச குடும்பத்தாரின் மாளிகைப் பெயர்கள். வேவர்லி மற்றொன்று. இப்பெயரை உலகறியச் செய்தது ஒரு நாவல். 1814ஆம் ஆண்டில் வால்ட்டர் ஸ்கொட் தம் பெயரை வெளியிடாமலே பதிப்பித்த அந்நூல், சமவெளியிலிருந்து மலைநாட்டுக்குச் சென்று எதிர்பாராத சாகசங்களில் அகப்பட்டுக்கொள்ளும் ஓர் இளைஞனின் கதை.

மலைகளுக்குப் பெயர் சூட்டியவர்கள் தங்கள் கதைப்புத்தகத்தையும் உடன் கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் அது பெரும் பிழையாகாது. ஆனால், அந்த மலைகளைத் திருத்தித் தேயிலை நட்ட மக்களும் கதையில்லாதவர்கள் அல்லர். கூத்தும் பாட்டும் அவர்களோடு கூடவே வந்தன. நாளடைவில் அவர்களுடைய லயங்களுக்கும் ஒரு கதைப்புத்தகம் வந்து சேர்ந்தது. அதுவும் சாகசக் கதைதான். வேவர்லியைக் காட்டிலும் விநோதமானது. நகைச்சுவையில் அதனைவிட நூறு மடங்கு பெரியது. அதன் பெயர் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை.

பெரிய எழுத்து நூல்களை இன்றைய இளைஞர் பலர் கண்டிருக்க மாட்டார்கள். சென்னையில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் அச்சிட்டுப் பரப்பிய மலிவு விலை நூல்கள் அவை. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, மதனகாமராஜன் கதை முதலியவை அந்த வரிசையைச் சேர்ந்தவை. தாள் மட்டமானது, படங்கள் கறுத்துப் போனவை, எழுத்துக்கள் மாத்திரம் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. அவற்றை வாங்கியோர் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் படிப்பவர்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள், ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பவர்கள். ஆதலால் அது கண்ணுக்கான புத்தகம் என்பதைவிடக் காதுக்கான புத்தகம் என்பதே பொருந்தும். அந்த வகையில் வானொலிக்கு அது ஒரு மூத்த உறவினர்.

கொழுந்து நிறுத்து முடிந்து, பீலியில் முகம் கழுவி, றொட்டியைத் தின்றுவிட்டு, இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மக்கள் கூடுவர். எழுத்தறிந்த கங்காணி ஒருவரோ, இளைஞர் ஒருவரோ நூலை விரித்து இராகம் போட்டுப் படிப்பார். கேட்போரில் ஒருவர் ஊம் கொட்டுவார். ஊம் கொட்டும் குரல் தளர்ந்தால் கதையும் அன்றைக்கு நின்றுவிடும். அக்கரப்பத்தனை ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள இடம். மாலையானால் மூடுபனி இறங்கி எதிர் லயத்தையே மறைத்துவிடும். எதிரில் ஒன்றும் தெரியாத இரவைக் காட்டிலும் கதைக்கு வாய்ப்பான இரவு வேறு எது?

விக்கிரமாதித்தன் கதை சிறுவர்க்கென எழுதப்பட்டதன்று. சிறுவர் கேட்கத்தகாத பகுதிகளும் அதில் உள்ளன. அப்பகுதி வரும்போது பெரியவர்கள் செருமுவர். பிள்ளைகள் கம்பளிக்குள் உறங்குவதுபோற் பாசாங்கு செய்வர். ஒரு சொல்லையும் தவறவிடார். உலகெங்கும் சிறுவர் தமக்கான நூல்களைப் பெரியோரின் நூல்களிலிருந்து இவ்வாறு களவாடியே பெற்றிருக்கின்றனர். கலிவரின் பயணங்களைச் சுவிப்ற் குழந்தைகளுக்காகவா எழுதினார்?

இக்கதையின் சிறப்பு அதன் வீரத்தில் இல்லை. அதன் கணக்கில் இருக்கிறது. இந்திரன் விக்கிரமாதித்தனுக்கு முப்பத்திரண்டு பதுமைகள் பொருந்திய சிம்மாசனத்தை அளித்து, அதன்மேல் வீற்றிருந்து ஆயிரம் ஆண்டுகள் அரசாள வரமும் தருகிறான். அமைச்சனான பட்டி சும்மா இருப்பானா? காளியிடம் சென்று தனக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் கேட்கிறான். விக்கிரமாதித்தனின் தலையைக் கொண்டுவந்தால் தருவேன் என்கிறாள் காளி. உறங்கும் மன்னனின் தலையைக் கொய்து வந்து வரத்தைப் பெற்றுக்கொண்ட பட்டி, உடனே விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறாய் என்று தெய்வமே கேட்கிறது. ‘ஆயிரம் ஆண்டு வரம் பெற்றவன் ஒரே இரவில் மாண்டான், என் இரண்டாயிரத்தை எப்படி நம்புவது?’ என்பது அவன் விடை. காளிக்கு வேறு வழியில்லை; மன்னனை எழுப்பிக் கொடுக்கிறாள்.

எழுந்த மன்னனுக்கோ வேறு கவலை. அமைச்சனுக்கு இரண்டாயிரம்; அரசனுக்கு ஆயிரம் மாத்திரமா? பட்டி அதற்கும் வழி சொல்கிறான். வரம் என்பது சிம்மாசனத்தில் இருக்கும் ஆண்டுகளுக்குத்தானே! ஆறு மாதம் நாடாளட்டும். ஆறு மாதம் காடேகட்டும். ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிடும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்ற தமிழ்த் தொடரின் வரலாறு இதுவே.

இந்தக் கணக்கைக் கேட்டு உச்சயினியில் எவர் சிரித்தாரோ தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. ஏனெனில் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. முழு நாளும் மலையில் நின்று, மழையில் நனைந்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்தபின்பும் செக்றோலில் பாதி நாள்தான் உழைத்ததாக எழுதப்படும் கணக்கு அது. பட்டி செய்ததோ அதற்கு நேர்மாறு. பாதி வேலை செய்து ஆயுளை இரட்டிப்பாக்கினான். கணக்கப்பிள்ளையின் கணக்கை அறிந்த பிள்ளைக்கு, பட்டியின் கணக்கு வெறும் விகடமன்று. எழுதுகோல் பிடித்தவனைத் தன் பக்கத்தாள் ஒருவன் வென்றுவிட்டான் என்ற பெருமகிழ்ச்சி அது.

அடுத்தது வேதாளம். கதாசரித்சாகரத்தில், அதாவது ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் காசுமீரத்தில் சோமதேவர் தொகுத்த பெருநூலில், இவ்வேதாளத்தின் இருபத்தைந்து கதைகளும் உண்டு. மன்னன் பிணத்தைத் தோளில் சுமந்து வாய் பேசாமல் நடக்க வேண்டும். வேதாளம் கதை சொல்லி இறுதியில் ஒரு புதிர் போடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொல்லிவிட்டால் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்ளும். பேசினாலும் கேடு, பேசாவிட்டாலும் கேடு. பெரட்டுக்களத்தில் நின்று பழகியவர்களுக்கு இந்நிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் அக்கரப்பத்தனைப் பிள்ளைகளுக்கு இக்கதையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வேதாளம் ஏறுவது முருங்கை மரம். வெயிலை விரும்பும் அந்த மரம் யாழ்ப்பாணத்தில் வேலிக்கு வேலி நிற்கும். அக்கரப்பத்தனைக் குளிரில் அது பிழைக்காது. முருங்கைக்காய் கடையில் வரும். மரத்தைக் கண்டறியாத பிள்ளைகள் அங்கே பலர். கதையின் உயிர்நாடியான மரமே இல்லாத மலையில், வேதாளம் எங்கே போய்த் தொங்கும்?

சிறுபிள்ளை வினாவாகத் தோன்றினும் இது இலக்கிய வினா. உச்சயினிக் காட்டின் புலியையும் பாழ்மண்டபத்தையும் காதாற் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தன் வீட்டுப் பின்புறத்துக் காட்டைச் சொல்ல ஒரு கதையில்லை. டயகமைக்கு மேலே காடு தொடங்கிவிடுகிறது. அது ஏறிச் சென்று முடியுமிடம் ஹோட்டன் சமவெளி. நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கிரிகல்பொத்தை அங்கே நிற்கிறது. மரை மேயும், சிறுத்தை திரியும், அச்சிறுத்தை சிலவேளை தேயிலைக்குள்ளும் இறங்கிவரும். ஆக்ரா ஓயா அந்த மலைகளிலிருந்து புறப்பட்டுக் கொத்மலை ஓயாவுடன் கலந்து, ஈற்றில் மகாவலியாகித் திருகோணமலைக் கடலைச் சேர்கிறது. ஒரு பிள்ளை தான் விட்ட காகிதக் கப்பலைத் தேடிப் புறப்பட்டால் பாதி இலங்கையையும் சுற்றிவந்துவிடலாம். சாகசக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

மலையகத்தைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதைகளும், 1964இல் வந்த கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சையும், பின்னர் தெளிவத்தை ஜோசப் முதலானோரின் கதைகளும் அம்மக்களின் துயரத்தை உலகுக்கு எடுத்துரைத்தன. அது செய்தேயாக வேண்டிய பணி. வாக்குமூலம் கொடுக்க வேண்டியவன் முதலில் விகடம் பேசுவதில்லை. ஆயினும் பத்து வயதுப் பிள்ளை தன் ஊரின் பெயரை அச்சில் முதன்முதலாகக் காணும்போது அது ஒப்பாரிக்கு நடுவிலேதான் வரவேண்டுமா? இவ்வினாவைக் கேட்பதனால் முன்னோர் எழுதியவற்றின் பெருமை ஒரு சிறிதும் குறையாது.

மலையக மக்கள் சிரிக்கத் தெரியாதவர்கள் என்று எவரும் சொல்லத் துணியார். மாசி மாதத்துக் காமன் கூத்தையும், பொன்னர் சங்கரையும், அருச்சுனன் தபசையும் விடிய விடியக் கண்டவர்கள், அரசனுக்கும் தேவனுக்கும் நடுவே கோமாளி வந்து நின்று என்ன பாடுபடுத்துவான் என்பதை அறிவர். அவர்களுடைய பேச்சே பாதி விகடம். ஆங்கிலேயரின் பரேட்டைப் பெரட்டு ஆக்கி, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லை இஸ்தோப்பு ஆக்கித் தம் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அதிகாரத்தின் மொழியைப் பிடித்து, காதைத் திருகி, தமிழ் பேசவைத்தவர்கள்.

அப்படியிருந்தும் இஸ்தோப்புக் கதை நின்றுபோயிற்று. திரைப்படமும் வானொலியும் ஓரளவு காரணமென்பர். அதனை வானொலி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெரிய காரணம் வேறு. வேதாளத்தின் புதிர்களிற் பல ‘இவர் யாருக்கு உரியவர்?’ என்று முடிவன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களைக் குறித்து அதே வினாவை எழுப்பிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டது. அந்தப் பின்னரும் 1974இல் வந்தது. எஞ்சியோரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. புதிருக்கு முற்றான விடை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் தலைமன்னாரில் கப்பலேறியோருள் கதை படித்தவர் இருந்தார். ஊம் கொட்டியவர் இக்கரையில் நின்றார். சில குடும்பங்களில் இதற்கு நேர்மாறாக நடந்தது. படிப்பவர் ஓரிடத்திலும் கேட்பவர் ஓரிடத்திலும் இருந்தால் கதை எவ்வாறு நடக்கும்?

பின்வந்த பிள்ளைகளுக்கு வேதாளம் அம்புலிமாமா வழியாக வந்தது. 1947இல் சென்னையில் தோன்றிய அவ்விதழில், வாளை ஏந்தி, தோளில் பிணத்தோடு நடக்கும் மன்னனை ஓவியர் சங்கர் வரைந்த படம் தமிழுலகம் முழுவதும் பதிந்துவிட்டது. இருபத்தைந்தோடு முடிந்த கதைகள் அங்கே முடிவின்றி நீண்டன. வாண்டுமாமா போன்றோர் சிறுவர்க்கான மாயக்கோட்டைகளையும் மந்திரத் தீவுகளையும் படைத்தனர். அவை அரிய தொண்டுகள். எனினும் அக்கரப்பத்தனைப் பிள்ளைக்கு அவையும் அக்கரைக் கதைகளே.

தன் ஊரே சாகசத்தின் களமாகும் என்பதற்கு உள்நாட்டிலேயே சான்று உண்டு. 1947இல் மார்ட்டின் விக்கிரமசிங்க எழுதிய மடோல் தூவ, தென்னிலங்கைச் சிறுவர் இருவர் வீட்டைவிட்டு ஓடி ஒரு சிறு தீவில் குடியேறும் கதை. உபாலியும் ஜின்னாவும் போனது கடல் கடந்தா? இல்லை. கொக்கலைக் களப்பில் ஆசிரியர் பிறந்து வளர்ந்த கரையருகே உள்ள தீவு அது. 1956இல் சிபில் வெத்தசிங்க எழுதிப் படமும் வரைந்த குடைத் திருடன் இன்னும் எளியது. குடையையே கண்டறியாத கிராமத்தார் ஒருவர் பட்டணத்தில் ஒரு குடை வாங்குகிறார், அது களவு போகிறது, மீண்டும் வாங்குகிறார், மீண்டும் போகிறது, கள்வனோ ஒரு குரங்கு. இவ்வளவுதான் கதை. மொழிகள் பலவற்றுக்கும் அது போய்ச் சேர்ந்தது. படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு தாய்மார் கொழுந்தெடுக்க, குடை பிடித்தவர் பின்னால் நிற்பதைக் கண்டு வளரும் பிள்ளைக்கு, அந்தக் குடையைக் குரங்கு கொண்டுபோகும் கதை எவ்வளவு இனிக்கும்!

வங்காளத்தில் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி 1915இல் எழுதிய கூப்பி, பாகா கதையையும் இங்கே நினைக்கலாம். ஒருவனுக்குப் பாட்டு வராது; மற்றவனுக்கு மத்தளம் வராது. ஊரார் துரத்திவிடுகின்றனர். காட்டில் பேய்களின் அரசன் அவர்களுடைய கச்சேரியில் மயங்கி வரம் கொடுக்கிறான். பேரரான சத்தியஜித் ராய் 1969இல் அதனைத் திரைப்படமாக்கினார். தோட்டத்திலும் ஒரு கருவி உண்டு. விடியுமுன் தப்படித்து மக்களைப் பெரட்டுக்கு எழுப்புவது முற்காலத்து வழக்கம். அடித்த அடியில் தொழிலாளர்க்குப் பதிலாகப் பேய்கள் எழுந்து பெரட்டுக்கு வந்து, பேர் போடச் சொல்லி வரிசையில் நின்றால்? பங்களாத் துரையும் கணக்கப்பிள்ளையும் என்ன செய்வார்கள்?

இங்கே ஓர் ஐயம் எழலாம். சம்பளத்துக்காக இன்றும் போராட வேண்டியிருக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை ஒரு கேடா? பழைய லயக் காம்பராக்களில் இன்றும் குடும்பங்கள் வாழும்போது மாயக்கம்பளம் எதற்கு? கேள்வி நியாயமானதே. ஆனால் நகைச்சுவை கலந்த மாயக்கதை சிறுவரை உறங்கவைப்பது என்று கருதுவது தவறு. 1900இல் பிராங்க் போம் எழுதிய நாவலில், ஓஸ் நாடே நடுங்கும் மந்திரவாதியைத் தேடிச் செல்லும் சிறுமி இறுதியில் காண்பது, திரைக்குப் பின்னால் நின்று மிரட்டும் ஒரு சாதாரண மனிதனை. நாய்க்குட்டி ஒன்று திரையைத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். துரை என்றால் செருப்பைக் கழற்றி ஒதுங்கி நின்ற ஒரு சமூகத்தின் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டிய கதையல்லவா அது! ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை அந்த நாய்க்குட்டி செய்யும்.

எழுதுபவருக்கு ஓர் எச்சரிக்கை மாத்திரம் உண்டு. நீதி புகட்டும் ஆசை தமிழ்ச் சிறுவர் நூல்களின் பழைய நோய். பட்டி நீதி சொன்னானா? வீரமாமுனிவர் படைத்த பரமார்த்த குருவும் சீடர்களும், ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீட்டிப் பார்த்தபோது, கீழே ‘இதனால் அறியப்படுவது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் யார் சிரித்திருப்பார்? மற்றொன்று மொழி. லயத்தில் எவரும் பேசாத தமிழைப் பிள்ளைகளின் வாயில் திணித்தால், மாயம் அத்தனையும் முதற்பக்கத்திலேயே மறைந்துவிடும். மேட்டு லயமும் பணிய லயமும் தொங்கக் காம்பராவும் அந்தப் பெயர்களோடேயே கதைக்குள் வரவேண்டும்.

வேதாளத்துக்கு மரம் தேடும் பொறுப்பை ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். யூக்கலிப்டஸ் என்பான் ஒருவன். வழுக்குமே என்பான் அடுத்தவன். கோயிலடி மரத்தில் மாடசாமி இருக்கிறாரே, இடம் கொடுப்பாரா என்பாள் ஒரு சிறுமி. கடைசி வாங்கில் இருப்பவன் எழுந்து, கொழுந்து மடுவத்தில் தராசுக் கொக்கி சும்மாதானே தொங்குகிறது, அதில் தொங்கட்டும் என்பான். வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்குமுன் வேறொருவன் கேட்பான்: வேதாளத்தை நிறுக்கும்போதும் ஈரத்துக்கென்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழிப்பாரா?